மேற்குப் பக்கத்துக் கயிறு

உங்கள் ஸ்டேஷன் முன்னால் நிற்கிற இரண்டு தென்னைக்கும் வட்டப்பாத்தி எடுத்துவிட்டால் நன்றாகக் காய்க்கும், சார். வெளியே உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குருத்தில் குறையில்லை. வேரில்தான் தண்ணீர் நிற்கவில்லை. சொல்லி அனுப்பினால் சென்னியப்பன் வந்து செய்துகொடுப்பான். என் தோட்டத்து வேலையெல்லாம் அவன்தான் பார்க்கிறான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆனால் நீங்கள் கோட்டயத்துக்காரர் என்று சொன்னார்கள். அதனால் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது தெரியாமல் மற்றது எதுவும் விளங்காது. என் மாப்பிள்ளைக்கும் அது விளங்காமல்தான் இருந்தது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். வடக்கிலும் தெற்கிலும் மலை சுவர் மாதிரி நிற்கிறது. நடுவில் மட்டும் கதவைத் திறந்துவைத்தது போல வெட்டவெளி. காற்றுக்கு அதுதான் பாதை. மார்கழி, தையில் கிழக்கேயிருந்து வந்து கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு போகும். ஆனி, ஆடியில் அதே பாதையில் மேற்கேயிருந்து திரும்பி வரும். இடையில் சில மாதம் பேசாமல் கிடக்கும். அந்தச் சமயத்தில் வந்து பார்க்கிறவர்கள், என்ன அமைதியான ஊர் என்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் நான் நேந்திரன் வாழை வைக்கிறேன். குலை தள்ளிய வாழைக்குத் தலைக்கனம் அதிகம். ஒரு காற்றுக்குத் தாங்காது. அதனால் கழுத்தில் நைலான் கயிறு போட்டு, தரையில் முளை அடித்துக் கட்டுவோம். கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. காற்று வருகிற பக்கத்துக் கயிற்றை இறுக்க வேண்டும். போகிற பக்கத்தைத் தொளதொளவென்று விட வேண்டும். இரண்டு பக்கமும் இறுக்கினால் மரம் ஆட வழியில்லாமல் நடுவில் ஒடியும். வைகாசி கடைசியில், மேற்குக் காற்று எழும்புவதற்குள், கிழக்கே இருந்த இறுக்கத்தை மேற்குப் பக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். இதைக் கட்டு மாற்றுவது என்போம். எங்கள் ஊரில் கல்யாணத்தைக்கூடத் தள்ளிவைப்பார்கள், கட்டு மாற்றுவதைத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் ஒரே மகள் ஜீவிதா, மாப்பிள்ளை பிரதீப், பேத்தி தன்விகா. என் மனைவி நாச்சம்மாள் காலமாகிவிட்டாள். நல்ல பெண். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தத் தோட்டத்தை விட்டு எங்கும் போய்த் தங்கியதில்லை. வண்டிப்பெரியாரில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஒருத்தி அவளுக்கு இருந்தாள். அங்கே ஒருமுறை போய்வர வேண்டும் என்று ஆரம்பத்தில் சில வருடம் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. இங்கேயே பிடித்துப்போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜீவிதாவும் அம்மாவைப் போலத்தான் என்று நினைத்திருந்தேன். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் ஏதோ வேலைக்கு நேர்காணல் என்றாள். அன்று காலையில் பார்த்தால் கார் கிளம்பவில்லை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டவன் நான்தான். இப்போது சொல்வதில் என்ன இருக்கிறது. ரயில் போய்விட்டது. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள், பிறகு சரியாகிவிட்டாள். அதற்கப்புறம் பெருந்துறையில் நல்ல குடும்பமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு சமயம் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள் அல்லவா, அப்போது நான்தான் கூப்பிட்டேன். மாடி சும்மா கிடக்கிறது, வந்துவிடுங்கள் என்றேன். வந்தார்கள். தன்விகா நடக்கப் பழகியது எங்கள் களத்தில். அவள் வந்த பிறகுதான் அது வீடாக இருந்தது.

பிள்ளையின் பிறந்த நாளைக்குப் பிரதீப் அந்தச் சாமானை வாங்கினார். பெரிய அட்டைப்பெட்டிகளில் வந்தது. வட்டமான இரும்புச் சட்டம், சுற்றிலும் ஸ்பிரிங், நடுவில் கறுப்புத் துணி. டிராம்போலின் என்றார். தன்விகா அதைக் குதிக்கட்டில் என்றாள், எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. வீட்டின் பின்பக்கம், தேங்காய் காயப்போடுகிற களத்தை ஒட்டிய மண்தரையில் பூட்டி நிறுத்தினோம்.

அது மார்கழி. அதே வாரம் காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டது. நல்லவேளை, பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பிரதீப் போனில் வீடியோ பார்த்து, ஒவ்வொரு காலிலும் மணல் மூட்டை வைத்தார். மறுநாள் மூட்டையெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது, கட்டில் மட்டும் வேறிடத்தில் இருந்தது.

“மூட்டை நல்லா நிக்குதுங்க மாப்ள. ஒன்னுகூட அசையல” என்றேன்.

அவரும் சிரித்துவிட்டார். “அப்ப நீங்களே கட்டிக்குடுங்க மாமா” என்றார்.

நான் கட்டினேன். நல்ல இரும்பு முளைகளாகச் சாய்த்து அடித்தேன். வாழைக்குப் போடுகிற அதே கயிறு, அதே முடிச்சு. கிழக்கே இறுக்கம், மேற்கே தளர்வு. இந்தச் சாமானுக்கு ஓர் ஆபத்து அதிகம். காற்று மட்டும் ஆட்டுவதில்லை, மேலே ஏறிக் குதிக்கிறவர்களும் ஆட்டுகிறார்கள். ஆட்ட ஆட்ட முளையைச் சுற்றி மண் இளகும். அதனால் சாயங்காலம் பால் கறந்து முடித்ததும் ஒவ்வொரு முளையையும் காலால் மிதித்துப் பார்ப்பேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. தை மாதத்தில் எங்கள் கொட்டகைத் தகரமே பறந்தது. குதிக்கட்டில் அசையவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் எனக்குப் பங்காளி முறை. வாய் சும்மா இருக்காது. வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஏனுங்ணா, கட்டலுக்கெல்லாம் கட்டுப் போட்டாச்சாட்ட இருக்குது. அப்படியே மாப்பிள்ளைக்கும் ஒரு மொளை அடிச்சு உட்ருங்க. எந்நேரமும் ரோட்டயே பாத்துட்டு நிக்கறாரு.”

“சும்மா இருங்க, நெசமா அடிச்சாலும் அடிச்சுப்போடுவாரு எங்க மாமா” என்றார் பிரதீப்.

எல்லோரும் சிரித்தோம். ஜீவிதா மட்டும் சிரிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் பேச்சை எடுத்தாள். நான் கை கழுவும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. நிறைய நாள் மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

“அப்பா, ஒன்னு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு கண்ணு.”

“அவருக்கு நியூசிலாந்துல வேலை கெடச்சிருக்குதுங்ப்பா. நாங்க மூணு பேருமே போறோம். ஆனிக் கடைசில ஏறோணும்.”

“எப்பத் திரும்பி வருவீங்க?”

அவள் பிரதீப்பைப் பார்த்தாள். அவர்தான் பதில் சொன்னார். “லீவுக்கு வருவமுங்க மாமா. அங்கயே இருக்கற மாதிரிதான் பாத்திருக்கறோம். நீங்களும் வந்து எங்ககூட இருங்க. அங்கயும் இதே மாதிரி காத்துத்தானுங்க, உங்களுக்கு ஒன்னும் புதுசா இருக்காது.”

“காத்துக்காக அத்தனை தூரம் போகோணுங்களா மாப்ள? இங்கயே அடிக்குதே” என்றேன்.

“தோட்டத்தச் சென்னியப்பண்ணன் பாத்துக்குவாரு. தனியா இருப்பீங்கன்னுதானுங்ப்பா கூப்பிடறோம்” என்றாள் ஜீவிதா.

நான் கோபப்படவில்லை, சார். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் வீட்டில் குரல் உயர்த்தியதே கிடையாது. சரி என்றேன். பெரிய பெட்டி வாங்கக் கோயம்புத்தூர் போனபோது நானும் கூடப் போனேன். தன்விகாவுக்குக் குளிர்ச்சட்டை நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

ஆனால் யோசித்தேன். யோசிக்கிறது குற்றம் இல்லையே. போன வருடம் குப்பண்ணனின் மருமகள் துபாய் போவதாக இருந்தாள். புறப்படுகிற சமயத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் படுத்தாள். அங்கே அவளுக்கு வைத்திருந்த வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அவள் போகவே இல்லை. இப்போது வேலந்தாவளத்தில் தையல்கடை வைத்து நன்றாக இருக்கிறாள். ஒரு கால்தான். அதுவும் கூடிவிட்டது. அந்தக் குடும்பமே கலையாமல் நின்றது.

முதல்முறை நீங்கள் விசாரிக்க வந்தபோது, குதிக்கட்டிலுக்குக் கட்டு மாற்ற மறந்துவிட்டேன் என்று சொன்னேன். வயதான ஆள், வேலைப் பளு என்று நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது உண்மையில்லை. வைகாசி முடிவதற்குள் தோட்டத்து வாழை அத்தனைக்கும் நானும் சென்னியப்பனும் கட்டு மாற்றிவிட்டோம். கடைசி வரிசை முடிந்ததும் அவன் கயிற்றையும் கொடுவாளையும் எடுத்துக்கொண்டு களத்துப் பக்கம் நடந்தான். “அதை நான் பாத்துக்கறேன், நீ மாட்டுக்குத் தண்ணி காட்டு” என்று அனுப்பினேன்.

நான் அதைத் தொடவில்லை, சார். அந்த வகையில் பார்த்தால் நான் ஒன்றுமே செய்யவில்லை. கிழக்குக் காற்றுக்குக் கட்டிய கட்டு அப்படியே இருந்தது. சாயங்காலம் முளையை மிதித்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்தினேன். மேற்குப் பக்கத்து முளைகளில் மண் இளகத் தொடங்கியது.

ஒரு கட்டில் கிழக்கே இறுக்கமாகவும் மேற்கே தளர்வாகவும் இருந்து, மேற்கேயிருந்து காற்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அது பறந்து போகாது. கிழக்குப் பக்கத்துக் கயிறு விடாது. பெட்டியின் மூடியைத் திறக்கிற மாதிரி மேற்கு விளிம்பு மேலே எழும்பி, அப்படியே கிழக்கே கவிழும். மேலே இருக்கிறவர்கள் கிழக்குப் பக்கம்தான் விழுவார்கள். வேறு எங்கும் விழ வழியில்லை.

அதனால்தான் மஞ்சித்தூள் இறக்கினேன். தேங்காய் நார் மில்லில் மலையாகக் கிடக்குமே, அந்தத் தூள். ஒரு டிராக்டர் லோடு கொண்டுவரச் சொல்லி, கட்டிலுக்குக் கிழக்கே மெத்தை மாதிரிப் பரப்பினேன். நீங்கள் மில்லில் விசாரித்தது எனக்குத் தெரியும். வாழைக்கு உரமாகப் போட எடுத்தேன் என்று சொன்னேன். அதுவும் உண்மையில்லை. ஆனால் நீங்கள் அதை எனக்கு எதிராகப் பார்க்கிறீர்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. கெடுதல் நினைக்கிறவன் மெத்தை போடுவானா? பிள்ளைக்கு அதிகம் அடிபடக் கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது. மிகவும் கனமாகப் போட்டால் ஒன்றுமே ஆகாது, மெல்லிசாகப் போட்டால் தலையில் படும். பார்த்துப் பார்த்துப் போட்டேன். ஒரு கால், இல்லாவிட்டால் ஒரு கை. சின்னப் பிள்ளைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடிவிடும். பெரியவர்களுக்குத்தான் நாள் பிடிக்கும்.

ஆனி பிறந்தது. காற்று எழும்பியது. முதலில் சும்மா தென்னை ஓலையை அசைக்கிற காற்று. பிரதீப் ஒரு நாள் களத்தில் வந்து நின்று சொன்னார்: “மாமா, இதக் கழட்டி வெச்சர்லாமுங்களா? எப்படியும் அங்க கொண்டுபோக முடியாது. குப்பண்ணன் ஊட்டுக்குக் குடுத்துட்டாலும் நல்லதுங்க.”

“இருக்கட்டுமுங்க மாப்ள. போற வரைக்கும் கண்ணு குதிக்கட்டும். நாந்தான் கட்டியிருக்கறனே” என்றேன்.

அவர் நம்பினார். வாழைத் தோட்டத்துக்குள் அவர் காலே வைத்ததில்லை. கயிறு இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. அது எந்தக் காற்றுக்குக் கட்டிய கயிறு என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் கேட்கிற அந்த நாளுக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து தன்விகா பால் குடித்துக்கொண்டிருந்தாள். பிரதீப் மாடியில் மீட்டிங்கில் இருந்தார். ஜீவிதா உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் களத்தில் நின்று மேற்கே பார்த்தேன். வானம் மண் நிறமாக இருந்தது. தூரத்தில் பனைமரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. அந்தக் காற்று வந்துசேரக் கொஞ்ச நேரம் ஆகும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அது தெரியும்.

“அப்புச்சி, இன்னிக்குக் குதிக்கலாமா?” என்று கேட்டாள் பிள்ளை.

“குதி சாமி. அப்புச்சி இங்கயேதான் நிக்கறன்” என்றேன்.

அவள் ஏறினாள். குதிக்க ஆரம்பித்ததும் இளகியிருந்த மேற்கு முளைகள் ஒவ்வொரு குதிக்கும் தலையாட்டின. முதல் வீச்சு வந்தபோது கட்டிலின் மேற்கு விளிம்பு ஒரு சாண் எழும்பி மறுபடி தரையில் அடித்தது. பிள்ளை பயந்துபோய்க் குதிப்பதை நிறுத்திவிட்டு, நடுவில் குப்புறப் படுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டாள். இறங்கத் தெரியவில்லை. அழவும் இல்லை. “அப்புச்சி” என்று மட்டும் கூப்பிட்டாள்.

நான் அடுத்த வீச்சுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தத்துக்கு ஜீவிதா பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இதை நான் யோசிக்கவில்லை. பெட்டி அடுக்குகிறவளுக்கு எதுவும் கேட்காது என்று நினைத்தேன். ஓடி வந்தவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். மேற்குப் பக்கத்துக் கயிற்றைப் பார்த்தாள். கிழக்கே இறுகியிருந்த கயிற்றைப் பார்த்தாள். மஞ்சித்தூளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவள் என் மகள், சார். கல்யாணத்துக்கு முன்பு வருஷா வருஷம் என்கூட வாழைக்குக் கட்டு மாற்றியவள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

கட்டில்மேல் ஏறினாள். தவழ்ந்துபோய்ப் பிள்ளையைத் துணியிலிருந்து பிரித்து எடுத்து, கிழக்கு விளிம்புக்குக் கொண்டுவந்து, மஞ்சித்தூள்மேல் இறக்கிவிட்டாள். “ஓடு தன்வி, உள்ளே ஓடு” என்றாள். பிள்ளை எழுந்து ஓடினாள். ஒரு கீறல் இல்லை. அதற்குள் மேற்கு முளைகள் பிடுங்கிக்கொண்டன. ஒரு கயிற்றின் நுனி தரையில் இழுபட்டு வந்து என் காலடியில் கிடந்தது.

கட்டில் எழும்பி அடித்த அடியில் ஜீவிதா மறுபடி நடுவுக்குச் சரிந்து, முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். காற்று அவளை எழும்ப விடவில்லை. “அப்பா, கயித்தப் புடிங்க” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

என் பக்கத்திலேயே ஒரு தென்னை இருந்தது. கை நீட்டினால் தொடலாம். கயிற்றை எடுத்து மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் போதும், எந்தக் காற்றும் அந்தக் கட்டிலை எடுத்திருக்க முடியாது. நான் குனிந்தேன். கயிற்றைக் கையில் எடுத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கையில் எடுத்ததும் ஒன்று தோன்றியது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படியே விட்டால் இவர்கள் போய்விடுவார்கள். ஜீவிதாவுக்கு இப்போது விஷயமும் தெரிந்துவிட்டது, இனி ஒரு நாள்கூட இங்கே தங்க மாட்டாள். கால் யாருடையதாக இருந்தால் என்ன. அம்மா படுத்துவிட்டால் பிள்ளை எங்கே போகும்? பெரியவர்களுக்கு எலும்பு கூடவும் நாள் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் இதுதான் நல்லது.

கயிற்றை விட்டுவிட்டேன்.

காற்று வந்தது. மூடி திறந்தது. நான் மஞ்சித்தூள் போட்டது ஒரு சின்னப் பிள்ளையின் எடைக்கு. வளர்ந்த பெண் விழுந்தால் எங்கே போய் விழுவாள் என்று நான் பார்த்திருக்கவில்லை. அவள் மெத்தையைத் தாண்டிப் போனாள். அங்கே துணி துவைக்கிற கல் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் தன் வாழையைப் பார்த்துக்கொண்டிருந்த குப்பண்ணன்தான் முதலில் ஓடிவந்தான். பிரதீப் மாடியிலிருந்து செருப்பில்லாமல் வந்தார். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகலாம் என்று காரில் ஏற்றினோம். வேலந்தாவளம் செக்போஸ்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவள் தலை என் மடியில்தான் இருந்தது. ஒரு தடவை கண் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, முன்சீட்டில் இருந்த பிரதீப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏதோ சொல்லப் பார்த்தாள். நான் அவள் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன். ரத்தம் வந்துகொண்டிருந்தது, அதனால்தான்.

பிரேதப் பரிசோதனை முடிந்து வந்ததும் பிரதீப்பின் அப்பா, எங்கள் மருமகள், பெருந்துறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். முறைப்படி அவர் சொன்னது சரிதான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கோடித்துணிதான் கொண்டுபோய்ப் போட வேண்டும். நான் சம்மதிக்கவில்லை. அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் உயர்த்தினேன். ஒரே மகளைப் பறிகொடுத்தவன் என்று ஊரே என் பக்கம் நின்றது. எங்கள் தோட்டத்திலேயே, வாழைக்கும் தென்னைக்கும் நடுவில் அடக்கம் செய்தோம்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குப்பண்ணன்தான் கெடுத்தான். அவன் மேலும் எனக்கு வருத்தமில்லை. சூதுவாது தெரியாதவன். இலையில் கை வைத்தபடியே அழுதுகொண்டு கேட்டான்: “ஏனுங்ணா, அத்தனை வாழைக்கும் கட்டு மாத்துனீங்களே. கண்ணு குதிக்கறதுக்கு மட்டும் எப்படிங்ணா மறந்தீங்க?”

பக்கத்தில் இருந்த பிரதீப் நிமிர்ந்தார். “கட்டு மாத்தறதுன்னா என்னங்க?” என்றார்.

குப்பண்ணன் சொன்னான். நான் உங்களுக்குச் சொன்னது போலத்தான், இன்னும் விவரமாக. பிரதீப் சாப்பாட்டிலிருந்து எழுந்து வாழைத் தோட்டத்துக்குள் போனார். அத்தனை வருடத்தில் அன்றுதான் போனார். ஒவ்வொரு வாழையாகக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார். பிறகு களத்துக்கு வந்தார். கட்டில் கவிழ்ந்தபடியேதான் கிடந்தது. கிழக்குப் பக்கத்துக் கயிறு அறுபடாமல் இருந்தது. அதையும் தொட்டுப் பார்த்தார். மஞ்சித்தூளைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

என்னிடம் வந்து உட்கார்ந்தார். “மாமா, நெசமாவே மறந்துட்டீங்களா?”

“ஆமாங்க மாப்ள. வயசாச்சுது.”

“எங்க அப்பா எதையும் மறக்க மாட்டாருன்னு ஜீவி சொல்லுவா” என்றார். “பெங்களூர் போக இருந்தப்ப கார் ஏன் கெளம்பலைன்னுகூட அவளுக்குத் தெரியுமுங்க மாமா. உங்களத் தலைகுனிய வெக்கக் கூடாதுன்னு கேக்காம இருந்தா.”

அன்று சாயங்காலமே அவர் உங்களிடம் வந்துவிட்டார்.

உங்களுக்கு வேண்டியது இதுதானே. கட்டை மாற்றாமல் விட்டது நான். மஞ்சித்தூள் பரப்பியது நான். காற்று வருவதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை ஏறச் சொன்னது நான். கயிற்றைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே போட்டது நான். யாரும் அடித்து வாங்கவில்லை, நானாகச் சொல்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். அந்தத் துவைகல்லை நகர்த்தாமல் விட்டதில் வருத்தம் இருக்கிறது. அது என் கவனக்குறைவு. சென்னியப்பனும் நானும் கடப்பாரை போட்டால் நகர்ந்திருக்கும். அது மட்டும் நடந்திருந்தால் ஜீவிதா இப்போது மாடியில் கட்டுப்போட்டுப் படுத்திருப்பாள், நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாள் பேசாமல் இருப்பாள். பிறகு சரியாகிவிடுவாள்.

பிரதீப்பும் தன்விகாவும் அடுத்த வாரம் ஏறுகிறார்கள் என்று வெளியே கான்ஸ்டபிள் சொன்னார். போகட்டும், நல்லபடியாக இருக்கட்டும். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. மூன்று பேர் போவதாகத்தான் இருந்தது, சார். என் மகள் என்னை விட்டுப் போகவில்லை.